முயன்றால் முரண்டு பிடிக்கும் உடல்: செயல்சார் நரம்பியல் கோளாறில் மூளைக்கு என்ன பயிற்சி?

வலது கால் செயலிழந்துவிட்டது என்று வந்திருக்கும் ஒருவரை மருத்துவர் கட்டிலில் படுக்க வைக்கிறார். வலது குதிகாலுக்கு அடியில் தன் கையை வைத்து, "கீழே அழுத்துங்க" என்கிறார். ஒன்றும் நடக்கவில்லை, கால் அப்படியே கிடக்கிறது. "சரி, அதை விடுங்க. இப்ப இடது காலை மேலே தூக்குங்க" என்று சொல்லி, இடது காலைத் தூக்க விடாமல் லேசாகத் தடுத்துப் பிடிக்கிறார். நோயாளி இடது காலைத் தூக்க முயலும் அதே நொடியில், அசையாமல் கிடந்த வலது குதிகால் மருத்துவரின் கையை நல்ல பலத்தோடு கீழே அழுத்துகிறது. நோயாளிக்கே அது தெரிவதில்லை.

1908-இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை இது. மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புப் பாதை அறுந்து போகவில்லை, தசையும் செத்துப் போகவில்லை என்பதை ஒரு நிமிடத்தில் காட்டிவிடுகிறது. காலை அசைக்க வேண்டும் என்று நினைத்து முயலும்போது மட்டும் கட்டளை போய்ச் சேரவில்லை. கவனம் வேறெங்கோ போன கணத்தில் கால் தானாக வேலை செய்கிறது. இதைத்தான் செயல்சார் நரம்பியல் கோளாறு என்கிறார்கள், சுருக்கமாக எஃப்என்டி. கை கால் பலவீனம், நடுக்கம், நடை தடுமாற்றம், வலிப்பு போன்ற தாக்குதல்கள், குரல் போய்விடுவது, உடலின் ஒரு பக்கம் மரத்துப் போவது, பார்வை மங்குவது என்று இது பல வேஷங்களில் வரும். அரிய நோய் என்று நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுகளுக்குப் புதிதாக வந்த 3,700-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தபோது, செயல்சார் மற்றும் உளவியல் சார்ந்த அறிகுறிகள் தலைவலிக்கு அடுத்த இடத்தில் இருந்தன.

இந்த நோய்க்கு "மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் சரியாகும்" என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பலரும் கற்பனை செய்யும் பயிற்சிக்கும் மருத்துவமனையில் நடக்கும் பயிற்சிக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

முதலில் பழைய சுமையை இறக்கி வைத்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர். பாரிஸின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இதை நரம்பியல் நோயாகவே ஆராய்ந்தார். பிறகு உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு வந்தார். அடக்கி வைத்த மனவேதனை உடல் அறிகுறியாக மாறுகிறது என்ற விளக்கம் நிலைபெற்றது, நோய் நரம்பியலிலிருந்து மனநல மருத்துவத்துக்கு இடம் மாறியது. நரம்பியல் மருத்துவர் "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவைப்பார், மனநல மருத்துவர் "எனக்கும் பெரிதாக எதுவும் தெரியவில்லை" என்று திருப்பி அனுப்புவார். நடுவில் நோயாளி நடிக்கிறார் என்ற சந்தேகம் வேறு. 2013-இல் வெளிவந்த அமெரிக்க மனநல நோய் வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்புதான், மன உளைச்சல் ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. ஹூவர் சோதனை போன்ற நேரடி அடையாளங்களைப் பார்த்து நோயை உறுதி செய்யலாம் என்று ஆனது. எல்லாச் சோதனையும் சரியாக இருப்பதால் கடைசியில் ஒட்டப்படும் சீட்டு அல்ல இது. கவனமாக ஆராய்ந்து உறுதி செய்தவர்களில், பின்னாளில் வேறு நோய் என்று தெரியவந்தவர்கள் சுமார் 4 சதவீதம் என்று 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. மற்ற பல நரம்பியல் நோய்களிலும் தவறு நேரும் அளவு ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் மூளையில் என்ன நடக்கிறது? இன்று பலர் ஏற்கும் விளக்கம் ஒன்று உண்டு. மூளை சும்மா காத்திருந்து தகவல் வாங்கும் உறுப்பு அல்ல. அடுத்து என்ன வரும், கை எங்கே இருக்கும், கால் எவ்வளவு கனக்கும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டே இருக்கிறது. உடலிலிருந்து வரும் தகவலோடு அந்தக் கணிப்பை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. எஃப்என்டியில் ஒரு தவறான கணிப்பு, அதாவது "இந்தக் கால் அசையாது" என்பது, அளவுக்கு மீறி வலுப்பெற்றுவிடுகிறது. எதிரான தகவல் வந்தாலும் அது திருந்துவதில்லை. அதைத் தூக்கிப் பிடித்து வைத்திருப்பது கவனம். அந்தக் காலின் மேல் எவ்வளவு கவனம் குவிகிறதோ அவ்வளவு அந்தக் கணிப்பு உறுதியாகிறது. தொடக்கம் பல நேரங்களில் சாதாரணமாகத்தான் இருக்கும்: காலில் அடிபட்டது, ஒற்றைத் தலைவலியின்போது ஒரு பக்கம் மரத்தது, மயக்க மருந்திலிருந்து விழித்தபோது கை கனத்தது, பதற்றத் தாக்குதலில் உடல் நடுங்கியது. பெரும்பாலானவர்களுக்கு அது வந்து போய்விடும். சிலருக்கு மூளை அதையே பாடமாகப் படித்துக்கொள்கிறது. மனக்காயமும் நெடுநாள் உளைச்சலும் இந்தப் பாடத்தை எளிதாக்கலாம். ஆனால் எல்லோரிடமும் அவை இருப்பதில்லை, இருந்தே ஆக வேண்டும் என்று தோண்டுவதில் பயனும் இல்லை.

இன்னொரு துண்டும் இதில் சேர்கிறது. நாம் கையை அசைக்கும்போது "நான்தான் அசைத்தேன்" என்ற உணர்வு கூடவே வருகிறது. செயல்சார் நடுக்கம் உள்ளவர்களை மூளைப் படப்பிடிப்பில் பார்த்தபோது, இந்த உணர்வோடு தொடர்புடைய வலது பக்க மூளைப் பகுதி ஒன்றின் செயல்பாடு குறைந்திருந்தது. நடுக்கத்துக்குப் பயன்படும் தசைகளும் பாதைகளும் விருப்ப அசைவுக்கு உரியவைதான். ஆனால் அசைவை நான் செய்யவில்லை, அது எனக்கு நடக்கிறது என்றுதான் நோயாளி உணர்கிறார். அவர் சொல்வது உண்மை. நடிப்பு என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் உதிர்ந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை விளக்க "ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது, சாஃப்ட்வேரில்தான் சிக்கல்" என்பார்கள். முதல் நாள் புரியவைக்க அது போதும். அதற்கு மேல் இழுத்தால் தவறாகிவிடும், ஏனென்றால் உயிருள்ள மூளையில் இரண்டையும் அப்படிப் பிரித்து வைக்க முடியாது.

இந்தப் பின்னணி தெரிந்தால், பயிற்சி எந்தத் திசையில் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கைபேசியில் புதிர் போடுவது, எண்களை நினைவில் வைத்துக்கொள்வது போன்ற 'மூளை விளையாட்டு'களுக்கு இங்கே வேலை இல்லை. அவற்றின் விளம்பரங்கள் ஏற்கெனவே ஒருமுறை சிக்கலில் மாட்டியவை. லுமோசிட்டி செயலியை நடத்திய நிறுவனம், முதுமை மறதி போன்றவற்றைத் தடுக்க உதவும் என்ற தோற்றத்தை ஆதாரமில்லாமல் ஏற்படுத்தியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. எஃப்என்டியில் மூளைக்குத் திறமை குறைந்துவிடவில்லை. தேவைப்படுவது, தானாக நடக்கும் அசைவுகளை மறுபடி தானாகவே நடக்க விடும் பழக்கம். நோயாளியின் இயல்பான புத்திக்கு இது நேர்எதிரானது. கால் வராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் முயல்வதுதானே மனித குணம்? இங்கே அப்படி முயல முயல அறிகுறி மோசமாகும். சாதாரணப் பிசியோதெரபியில் "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, முயற்சி பண்ணுங்க" என்று ஊக்குவிப்பது சில எஃப்என்டி நோயாளிகளுக்குப் பலன் தராமல் போவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது.

நடைப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். முன்னோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாதவர் பின்னோக்கி நன்றாக நடப்பார், அல்லது பக்கவாட்டில். பயிற்சியாளர் இதைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையில் சறுக்கிக்கொண்டு போகச் சொல்வார். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றி மாற்றி ஆடச் சொல்வார், ஆட்டம் சீரானதும் அதிலிருந்தே சிறு அடிகள் பிறக்கும். பாட்டு போட்டுத் தாளத்துக்கு நடப்பது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடப்பது, கையில் தட்டை ஏந்திக்கொண்டு நடப்பது, ட்ரெட்மில்லில் நடப்பது எல்லாமே கவனத்தைக் காலிலிருந்து நகர்த்தும் தந்திரங்கள். எது யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நல்ல பிசியோதெரபிஸ்ட் துப்பறிவாளர் போலப் பொறுமையாகத் தேடுவார். சரியான நடை வந்த நொடியை வீடியோவில் பிடித்து நோயாளிக்கே காட்டுவதும் உண்டு. "உங்க கால்தான் இது, இப்பதான் நடந்தது" என்று கண்ணால் பார்ப்பது, பத்து நாள் ஆறுதல் வார்த்தைகள் செய்யாததைச் செய்யும். தவறான கணிப்பைத் திருத்துவதற்கு மூளைக்குத் தேவையான சாட்சியம் அது.

நடுக்கத்துக்கு வேறு வழி. நடுங்காத கையால் மேசையில் ஒரு தாளத்தைத் தட்டச் சொன்னால், செயல்சார் நடுக்கம் நின்றுவிடும் அல்லது அந்தத் தாளத்துக்கே மாறிவிடும். நோயைக் கண்டறியவும் இதே சோதனைதான், சிகிச்சைக்கும் இதுவே நுழைவாயில். நடுங்கும் கையை நிறுத்தப் போராடாமல், வேண்டுமென்றே அதைப் பெரிதாக, மெதுவாக ஆட்டச் சொல்வார்கள். அசைவு நோயாளியின் வசத்துக்கு வந்ததும், வேகத்தைக் குறைத்து நிறுத்துவார்கள். சிறிய எழுத்து எழுத முடியாதவர் பலகையில் பெரிய எழுத்தாக எழுதிப் பழகி, பிறகு தாளுக்கு வரலாம்.

எனக்கு மிகவும் தெளிவாகப் படும் எடுத்துக்காட்டு குரல். பேச்சு முழுக்க நின்று, கிசுகிசுப்பு மட்டும் மிஞ்சிய ஒருவரைப் பேச்சுப் பயிற்சியாளர் இருமச் சொல்கிறார். இருமலில் குரல் ஒலி இருக்கிறது! தொண்டையின் குரல் மடிப்புகள் சேர்கின்றன என்று அர்த்தம். அடுத்து தண்ணீர் வைத்துக் கொப்பளித்தல், ஒலியுடன் கொட்டாவி, 'ம்ம்ம்' என்று முனகல். அந்த முனகலை நீட்டி ஓர் உயிரெழுத்து, அப்புறம் ஒரு சொல், கடைசியில் ஒரு வாக்கியம். சிலருக்கு முதல் அமர்விலேயே குரல் திரும்பிவிடும். பேச வேண்டும் என்ற முயற்சியைத் தொடாமல், பேச்சல்லாத ஒலி வழியாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் அங்கே நடக்கும் சிகிச்சை.

வலிப்பு போன்ற தாக்குதல்களுக்குப் பயிற்சி வேறு விதம். இவை மூளையின் மின்கோளாறால் வரும் கால்கை வலிப்பு அல்ல. வீடியோவுடன் சேர்த்து எடுக்கும் இஇஜி என்ற மூளை மின்பதிவில் அதற்குரிய மின் அலைகள் இருக்காது, வலிப்பு மாத்திரைகளாலும் பயன் இராது. சிலருக்கு இரண்டுமே சேர்ந்து இருக்கும் என்பதால், மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. இங்கே பயிற்சியின் மையம் முன்னறிகுறி. தாக்குதலுக்கு முன் வரும் படபடப்பு, தலை இலேசாவது, சத்தம் தூரத்தில் கேட்பது போன்றவற்றைப் பெரும்பாலானோர் ஆரம்பத்தில் உணர்வதில்லை, பயிற்சியில் கண்டுகொள்கிறார்கள். கண்டுகொண்டதும், அந்தத் தொடரை உடைக்கும் ஒரு செயலைச் செய்ய வேண்டும்: மூச்சைச் சீராக்குவது, கையில் கரடுமுரடான பொருளை உருட்டிக்கொண்டு அதன் தன்மையை விவரிப்பது, நடுங்கத் தொடங்கும் தசைக்கு எதிரான தசையை இறுக்குவது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் சிறுவர்களுக்காக உருவான ஒரு முறை, தாக்குதலை மூளை கற்றுக்கொண்ட ஒரு பழக்கமாகவே எடுத்துக்கொண்டு அதற்கு எதிர்ப்பழக்கத்தைப் பயிற்றுகிறது. 29 பேரை வைத்து 2020-இல் வெளியான முதல் சோதனையில் பலன் வியக்கத்தக்கதாக இருந்தது. சிறிய சோதனை என்பதை மறக்கக் கூடாது.

இனி ஆதாரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். நார்வேயில் நடைக்கோளாறு உள்ள 60 பேருக்கு மருத்துவமனையில் தங்க வைத்து மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வில், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள், ஓராண்டு கழித்தும் முன்னேற்றம் பெருமளவு நிலைத்திருந்தது. பிரிட்டனில் 60 பேருடன் ஐந்து நாள் பயிற்சியாக நடந்த முன்னோட்ட ஆய்வும் உற்சாகம் தந்தது. ஆகவே எல்லோரும் பெரிய சோதனைக்குக் காத்திருந்தார்கள். பிரிட்டனின் 11 மருத்துவமனைகளில் 355 பேர் சேர்ந்த அந்தச் சோதனையின் முடிவு 2024-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. முக்கிய அளவுகோல் ஓராண்டுக்குப் பிறகு நோயாளி தன் உடலியக்கத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண். அதில் சிறப்புப் பிசியோதெரபிக்கும் வழக்கமான பிசியோதெரபிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! ஆனால் "நீங்கள் தேறியிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்குச் சிறப்புப் பயிற்சி பெற்றவர்கள் அதிகமாக ஆம் என்றார்கள். கோவிட் முடக்கம் ஆய்வின் நடுவில் வந்து குழப்பியதும் உண்மை.

வலிப்பு போன்ற தாக்குதல்களுக்கான சிபிடி என்ற அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். பிரிட்டனில் 368 பேருடன் நடந்து 2020-இல் வெளியான சோதனையில், ஓராண்டுக்குப் பின் மாதாந்தரத் தாக்குதல் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தாக்குதல் இல்லாமல் தொடர்ந்து இருந்த நாட்களும் அன்றாட வாழ்வின் தரமும் மேம்பட்டன.

இதை எப்படிப் படிப்பது? பயிற்சி வீண் என்று இரண்டு சோதனைகளும் சொல்லவில்லை. ஒப்பீட்டுக் குழுக்களுக்கும் நல்ல விளக்கமும் கவனிப்பும் கிடைத்தன, அவர்களிலும் பலர் தேறினார்கள். என் கணிப்பில், நோயை நேர்மையாக விளக்குவதே சிகிச்சையில் பெரும்பங்கு. எடின்பரோவின் ஜோன் ஸ்டோன் போன்ற நரம்பியல் மருத்துவர்கள் ஹூவர் சோதனையை நோயாளிக்கே காட்டி, "பாருங்க, இங்கே பலம் இருக்கு" என்று விளக்குவதை வலியுறுத்துவதும் அதனால்தான். அதே நேரம், எல்லோரையும் குணமாக்கும் பயிற்சி எதுவும் இன்னும் இல்லை. செயல்சார் இயக்கக் கோளாறுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆண்டுகள் கடந்த பின்பும் சுமார் 40 சதவீதத்தினர் அதே நிலையில் அல்லது மோசமான நிலையில் இருக்கிறார்கள். சீக்கிரம் கண்டறியப்பட்டவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுக்கும் சிகிச்சை, கணினி உருவாக்கும் காட்சியைக் கண்முன் காட்டும் மெய்நிகர் கண்ணாடி, தன் மூளை அலைகளைத் திரையில் பார்த்துக் கட்டுப்படுத்தப் பழகும் நியூரோஃபீட்பேக் எல்லாம் சிறிய ஆய்வுகளில் இருக்கின்றன. காந்தத் துடிப்பில் சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு: மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டினால் 'செயலிழந்த' கை நோயாளியின் கண்முன்னே துள்ளும். அந்தக் காட்சியே ஒரு விளக்கமாகிவிடுகிறது. வழக்கமான சிகிச்சை என்று சொல்லுமளவுக்கு இவை எதுவும் வளரவில்லை.

இணையத்தில் விற்கும் 'மூளையை மறுபயிற்றுவிக்கும்' வகுப்புகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப்என்டி, நாள்பட்ட சோர்வு, நெடுங்கோவிட், ஒவ்வாமை என்று பத்து நோய்களுக்கும் ஒரே வகுப்பை விற்பது முதல் சந்தேகத்துக்குரிய அடையாளம். இரண்டாவது, முறையான நோயறிதல் இல்லாமலே சேர்த்துக்கொள்வது. மூன்றாவது, "அறிகுறியைப் பற்றிப் பேசாதே, குணமாகிவிட்டதாகவே நினை" என்று சொல்லி, தேறாவிட்டால் பழியை நோயாளியின் நம்பிக்கைக் குறைவின் மேல் போடுவது. மூச்சுப் பயிற்சியும் மனதை அமைதிப்படுத்துவதும் சிலருக்கு உதவும், மறுக்கவில்லை. அதற்காகப் பெருந்தொகை கொடுத்து, கூடவே குற்றவுணர்வையும் வாங்க வேண்டியதில்லை. சிறிய உழைப்புக்கே மறுநாள் படுக்கையில் விழும் வகைச் சோர்வு உள்ளவர்களுக்கு, உழைப்பைக் கூட்டிக்கொண்டே போகும் எந்தப் பயிற்சியும் தீங்கு செய்யலாம். அந்தச் சோர்வு நோய்க்குக் கட்டாயப் படிப்படியான உடற்பயிற்சியைப் பரிந்துரைப்பதைப் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-இல் கைவிட்டது. எஃப்என்டி உள்ளவர்களில் பலருக்கு வலியும் சோர்வும் கூடவே இருப்பதால், பயிற்சியாளரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் பலர் தடுமாறுவது ஓர் எளிய விஷயத்தில். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள், அடுத்த மூன்று நாள் எழ மாட்டார்கள். தினமும் ஒரே அளவு என்பதுதான் விதி. ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம், ஆனால் அவையே கவனத்தைக் காலின் மேல் நிரந்தரமாகக் கட்டிப்போடலாம் என்பதால் எப்போது விடுவது என்று முன்கூட்டியே பேசிவைப்பார்கள். குடும்பத்தார் "கால் எப்படி இருக்கு?" என்று மணிக்கொருமுறை கேட்பதை நிறுத்துவதும் சிகிச்சையின் பகுதிதான். அறிகுறிகள் திரும்ப வருவது சகஜம். காய்ச்சல், தூக்கமின்மை, சிறு விபத்து எதுவும் தூண்டலாம். அப்படி வரும்போது புதிதாக ஸ்கேன் தேடி ஓடாமல், எந்தத் தந்திரம் தனக்கு முன்பு பலித்ததோ அதை எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்து முதல் படியிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். முன்பு இல்லாத புது வகை அறிகுறி என்றால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எஃப்என்டி இருப்பவருக்கும் பக்கவாதம் வரலாம்.